விரைவீக்கம்: எழுந்து போகும்போது கேட்கப்படும் கேள்விகள்

ஆண்கள் இந்த நோயைப் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்பதில்லை. சளி, முதுகுவலி, சர்க்கரை எல்லாம் பேசி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே நின்று "இன்னொரு விஷயம் டாக்டர்" என்று தொடங்குவார்கள். அப்படிக் கதவருகே கேட்கப்படும் கேள்விகளே இங்கே இருக்கின்றன. மருத்துவர்கள் ஹைட்ரோசீல் என்றும், ஊரில் ஓதம், அண்டவீக்கம், விரைவீக்கம் என்றும் சொல்வது, விதைப்பைக்குள் நீர் தேங்கி வீங்கும் இந்த நோயைத்தான்.

விதைப்பைக்குள் நீர் எப்படிச் சேர்கிறது?

ஒவ்வொரு விதையையும் முன்புறமும் பக்கவாட்டிலும் இரண்டு அடுக்குள்ள மெல்லிய உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. அந்த இரு அடுக்குகளுக்கும் நடுவே எல்லா ஆண்களுக்கும் சிறிதளவு நீர் உண்டு. விதை உரசாமல் வழுக்கி நகர அது உதவுகிறது. உறை நீரைச் சுரக்கிறது, உறையே அதை உறிஞ்சியும் கொள்கிறது. சுரப்பது கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்கத் தொடங்கும். சிலருக்கு அது எலுமிச்சை அளவோடு நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேர்ந்திருப்பதும் உண்டு.

வலியே இல்லை. பிறகு ஏன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சாதாரண விரைவீக்கம் ஆபத்தில்லாதது. உயிருக்கு ஆபத்தில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால், சேர்ந்திருப்பது வெறும் நீர்தானா, அல்லது வேறொன்று நீரைச் சேர்த்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து தடவிப் பார்த்து நீங்களே முடிவு செய்ய முடியாது. விதையில் கட்டி வந்தாலும் அதைச் சுற்றிச் சிறிது நீர் சேரலாம். அந்தக் கட்டிக்கும் தொடக்கத்தில் வலி இருக்காது. விதைப் புற்றுநோய் முதியவர்களைவிட 15 முதல் 40 வயது வரையிலான இளைஞர்களையே அதிகம் தேடி வருகிறது. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். ஆகவே இளைஞர் ஒருவருக்குத் திடீரென்று வீக்கம் வந்தால், வலி இல்லை என்பது ஆறுதல் அடையவேண்டிய செய்தி அல்ல. ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு ஆறுதல் அடையலாம்.

எல்லா வீக்கமும் நீர்தானா?

இல்லை. இதில்தான் குழப்பம் அதிகம்.

குடலிறக்கம் என்றால் வீக்கம் தொடை இடுக்கில் தொடங்கிப் பைக்குள் இறங்கும். இருமினால் முட்டும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும். மருத்துவர் வீக்கத்தின் மேல் முனையை விரல்களால் பிடித்துப் பார்ப்பார். அதற்கு மேலே விரல்கள் சேர்ந்தால் வீக்கம் பைக்குள்ளேயே பிறந்தது, சேராவிட்டால் வயிற்றிலிருந்து இறங்கியது என்று கொள்வார். கைவிரலால் செய்யும் இந்த எளிய சோதனை இன்றும் மிகப் பயனுள்ளது.

விதையின் மேலே, பெரும்பாலும் இடது பக்கம், நிற்கும்போது புழுக்கள் சுருண்டதுபோல் நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் அது வெரிகோசீல். அசுத்த இரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது. விதைக்குப் பின்னால் தனியாக உருளும் சிறு கட்டி, விந்துக் குழாய் சுருளில் தோன்றும் நீர்க்கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் அதை ஒன்றும் செய்யத் தேவையில்லை. காய்ச்சல், சிவப்பு, தொட்டால் வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் தொற்று. இரண்டு பக்கமும் தோலே வீங்கி, காலும் முகமும் வீங்கியிருந்தால் பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்போது ஓடவேண்டும்?

திடீரென்று ஒரு பக்கம் கடுமையான வலி, கூடவே வாந்தி அல்லது குமட்டல், விதை வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்பது. இது விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்ட நிலையாக இருக்கலாம். பதின்வயதுப் பையன்களுக்கு அதிகம் வருகிறது. சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, அதற்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. "காலையில் பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. வெட்கத்தால் அம்மாவிடம் சொல்லாமல் இரவு முழுக்கக் குப்புறப் படுத்திருக்கும் பையன்களே அதிகம் இழக்கிறார்கள். வீட்டில் வளரும் பையன் இருந்தால் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

குடலிறக்கம் உள்ளவருக்கு வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தாலும் அதே அவசரம்தான்.

மருத்துவர் என்ன செய்வார்?

நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்ப்பார். அறையை இருட்டாக்கி, பைக்குப் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் அடிப்பார். தெளிந்த நீர் என்றால் வீக்கம் முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிரும், விதை மட்டும் இருண்ட நிழலாகத் தெரியும். இரத்தமோ சீழோ இருந்தாலும், உறை தடித்துப் போயிருந்தாலும் ஒளி ஊடுருவாது. கைபேசி வெளிச்சத்தை வைத்து வீட்டிலேயே இதைச் செய்து முடிவுக்கு வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கைக்குழந்தையின் குடலும்கூட ஒளியை விடும், அதனால் குடலிறக்கத்தை நீர் என்று நினைத்து ஏமாறலாம்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நீருக்குள் மறைந்திருக்கும் விதையைக் கையால் சரியாகத் தொட்டுப் பார்க்க முடியாதபோது ஸ்கேன் காட்டிக்கொடுக்கிறது. கட்டி என்ற சந்தேகம் எழுந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள்.

பிறந்த குழந்தைக்கு ஏன் வருகிறது? அழுததால் இறங்கியதா?

அழுததால் வந்ததல்ல. ஆண் குழந்தையின் விதை கருவில் வயிற்றுக்குள்தான் உருவாகிறது. பிறப்பதற்கு முன் அது கீழே இறங்கி வரும்போது, வயிற்றின் உள்சவ்வும் ஒரு குழாயாக அதனுடன் இறங்குகிறது. விதை வந்து சேர்ந்ததும் அந்த வழி அடைபட வேண்டும். சாத்த மறந்த பின்கதவு போல அது சிறிது திறந்தே இருந்தால், வயிற்று நீர் மெல்லக் கசிந்து பைக்கு வருகிறது. சில குழந்தைகளுக்கு வழி அடைபட்டுவிடும், ஆனால் அதற்குள் இறங்கிய நீர் கீழே மாட்டிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம்.

வழி திறந்திருக்கும் வகையில் ஓர் அடையாளம் உண்டு. காலையில் எழும்போது சிறிதாகவும், நாள் முழுக்க ஓடி விளையாடிய பின் மாலையில் பெரிதாகவும் இருக்கும். அழும்போது வயிற்றின் அழுத்தம் கூடுவதால் வீக்கம் அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிகிறது. பாட்டிகள் அதைப் பார்த்துத்தான் "அழுது அழுது இறங்கிவிட்டது" என்கிறார்கள். அவர்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் தானாகவே வற்றிவிடும். ஆகவே மருத்துவர் "காத்திருங்கள்" என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல, அதுவே சிகிச்சை. எண்ணெய் தேய்த்து அழுத்துவது, பற்றுப் போடுவது, நாணயத்தை வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஊசியால் குத்தி நீரை எடுப்பதும் குழந்தைக்குக் கூடாது. ஒன்று, இரண்டு வயதைக் கடந்தும் நீர் நின்றால் அல்லது குடலும் சேர்ந்து இறங்கினால் அறுவைச் சிகிச்சை தேவை. அப்போதும் பையில் கத்தி வைப்பதில்லை. தொடை இடுக்கின் மேலே சிறு கீறல் போட்டு, திறந்திருக்கும் அந்த வழியைக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

பெரியவர்களுக்குக் காரணம் என்ன?

பலருக்குக் காரணமே தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டியவருக்கு மெதுவாக, வலியின்றி வளரும் வீக்கம் பெரும்பாலும் இந்த வகை. மற்றவர்களுக்கு அடிபட்டதாலோ, விந்துக் குழாய் சுருளிலோ விதையிலோ வந்த தொற்றாலோ, வெரிகோசீல் அல்லது குடலிறக்கத்துக்குச் செய்த அறுவைக்குப் பிறகோ வரலாம். பாரம் தூக்குவது, சைக்கிள் மிதிப்பது, குளிர்ந்த தரையில் உட்காருவது, இறுக்கமான ஜட்டி ஆகியவற்றால் விரைவீக்கம் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருப்பதன் பாரம் அப்போது உறைக்கிறது, அவ்வளவே.

நம் பகுதியில் பேசாமல் விடக்கூடாத இன்னொரு காரணம் உண்டு. அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

யானைக்கால் நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

யானைக்காலும் இந்த வகை விரைவீக்கமும் ஒரே புழுவின் வேலை. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, வுச்சரேரியா பேன்கிராஃப்டி என்ற நூல் போன்ற புழுவின் இளம் வடிவத்தை உடலுக்குள் விடுகிறது. அது நிணநீர்க் குழாய்களில் குடியேறி வளர்ந்து, பல ஆண்டுகள் உயிரோடிருக்கிறது. ஆண்களுக்கு அது விரும்பிக் குடியேறும் இடங்களில் ஒன்று விதைக்குச் செல்லும் நிணநீர்க் குழாய்கள். ஸ்கேனில் உயிருள்ள புழு நெளிவதைப் பார்க்க முடியும், மருத்துவர்கள் அதை ஃபைலேரியா நடனம் என்றே குறிப்பிடுகிறார்கள். குழாய் விரிந்து பழுதாகும்போது நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. சிலருக்கு நீர் தெளிவாக இல்லாமல் பால் போலவும் இருக்கும்.

யானைக்கால் என்றால் வீங்கிய கால்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தப் புழுவால் கால் முதலிய உறுப்புகள் வீங்கியவர்கள் சுமார் 1.5 கோடி என்றால், விரைவீக்கம் வந்த ஆண்கள் சுமார் 2.5 கோடி. வேட்டிக்குள் இருப்பதால் கண்ணில் படவில்லை.

ஒரு கொசுக்கடியில் இது வந்துவிடாது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். பெரும்பாலும் சிறு வயதில் புழு உள்ளே போகிறது, வீக்கம் பருவம் வந்த பிறகு தெரிகிறது. அதனால் ஊரைவிட்டு வந்து பல ஆண்டுகள் ஆனவருக்கும் வரலாம். புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி இரத்தத்தில் உலவும் என்பதால் இரத்தச் சோதனைக்கு இரவு பத்து மணிக்குமேல் வரச் சொல்வார்கள். சுகாதார ஊழியர் இரவில் வீடு தேடி வந்து விரலில் குத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீக்கம் வந்துவிட்ட பலருக்கு அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

கும்பகோணம், கடலூர் வட்டாரங்கள் இந்நோய்க்கு ஒரு காலத்தில் பெயர்போனவை. ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொரு முறை, இந்தப் புழுவுக்கு எதிரான டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் 1996-இல் கடலூரில் தொடங்கியது. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றளித்தது. ஆயினும் மாத்திரை புதிய பரவலைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே தேங்கிய நீரை டி.இ.சி. வற்றச் செய்வதில்லை. நோய் ஒழிந்த ஊரிலும் பழைய வீக்கத்தோடு வாழும் ஆண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை அறுவைச் சிகிச்சை.

அமாவாசை, பௌர்ணமிக்கு வீக்கம் கூடுகிறதே?

யானைக்கால் புழு உள்ளவர்களுக்கு அவ்வப்போது குளிர்காய்ச்சலும் வலியும் நெறிகட்டலும் வந்து சில நாளில் அடங்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் சற்றுக் கூடிவிட்டுக் குறையும். மாதந்தோறும் இந்த இரண்டு திதிகளும் வருகின்றன, ஏதாவது ஒன்றோடு காய்ச்சல் பொருந்திப் போவது எளிது. நிலவைக் கணக்கிடுவதைவிடக் காய்ச்சல் வந்த தேதிகளைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும்.

மாத்திரை, கஷாயம், பற்று எதிலாவது கரையுமா?

பெரியவர்களுக்குத் தேங்கிய நீரைக் கரைக்கும் மருந்து இல்லை. தொற்றால் சேர்ந்த நீர் மட்டும், தொற்றுக்கு மருந்து கொடுத்தால் குறையும். "ஒரே வாரத்தில் ஓதம் மறையும்" என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிப் பணத்தையும், அதைவிட முக்கியமாக மாதங்களையும் இழக்காதீர்கள். சூடான பற்றுகளால் பையின் மெல்லிய தோல் வெந்துபோவதும் உண்டு.

ஊசியால் நீரை எடுத்துவிட்டால் போதாதா?

இந்த யோசனை மிகப் பழையது. நீர் வகை அண்டவீக்கத்தைக் கூரிய கருவியால் குத்தி, குழல் வைத்து வடிக்கும் முறையைச் சுசுருத சங்கிதையே விவரிக்கிறது. குத்தியதும் பை சுருங்கும், மனம் மகிழும். ஆனால் நீரைச் சுரக்கும் உறை அப்படியே இருப்பதால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் நிரம்பும். இடையில் இரத்தக் கசிவும் தொற்றும் ஏற்படலாம். ஒவ்வொரு முறை குத்தும்போதும் உறை தடித்து, பின்னால் செய்யும் அறுவை கடினமாகும். கட்டி என்ற சந்தேகம் இருந்தால் பை வழியாக ஊசியே போடக்கூடாது.

இதயக் கோளாறு, முதுமை காரணமாக அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, நீரை எடுத்தபின் உறையை ஒட்டவைக்கும் மருந்தைச் செலுத்தும் முறை உண்டு. அவர்களுக்கு அது நல்ல வழி. மற்றவர்களுக்கு அறுவைதான் நிலையான தீர்வு என்பது என் கருத்து.

எல்லோருக்கும் அறுவை தேவையா? எப்படிச் செய்வார்கள்?

சிறிய வீக்கம், தொந்தரவு இல்லை, ஸ்கேனில் விதை நன்றாக இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். நடக்க, உட்கார, வண்டி ஓட்ட இடைஞ்சல், உடையில் தெரிகிறது என்ற கூச்சம், தாம்பத்தியத்தில் சங்கடம், சிறுநீர் கழிக்கும்போது தோலில் பட்டு வழிவது ஆகியவை அறுவைக்குப் போதுமான காரணங்கள். "இதற்குப் போய் ஆபரேஷனா" என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள். பையில் சிறு கீறல் போட்டு, உறையைத் திறந்து, நீரை வடிப்பார்கள். பிறகு உறையைப் பின்பக்கமாகப் புரட்டித் தைப்பார்கள், அல்லது மடித்துத் தைப்பார்கள், அல்லது வெட்டி எடுப்பார்கள். புரட்டித் தைப்பது ழபூலே முறை, மடித்துத் தைப்பது லார்ட் முறை. உறை மெல்லியதாக இருந்தால் மடிப்பது போதும். தடித்த உறைக்கும் யானைக்கால் வகைக்கும் வெட்டி எடுப்பதே நல்லது, புரட்டி வைத்தது மறுபடியும் நிரம்பக்கூடும். விதையை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. எடுப்பதில்லை.

போவதற்கு முன், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். பையில் தளர்ந்த திசுக்களே இருப்பதால் சிறிய இரத்தக் கசிவும் பெரிதாகத் தேங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும்.

அறுவைக்குப் பிறகு?

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆபரேஷன் செய்தும் வீக்கம் அப்படியே இருக்கிறதே?" அது நீர் அல்ல, திசுக்களின் வீக்கம். சில வாரங்களுக்குக் கெட்டியாக இருந்து, மெதுவாகத்தான் வடியும். முழுதாகச் சீராக இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் நோயாளியின் தூக்கத்தைக் கெடுத்தவர் ஆகிறார்.

பையைத் தாங்கும் லங்கோடு அல்லது இறுக்கமான உள்ளாடை சில வாரங்கள் அணிய வேண்டும். முதல் சில நாட்கள் படுக்கும்போது சுருட்டிய துண்டை வைத்துப் பையைச் சற்று உயர்த்தி வைத்தால் வலி குறையும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குதல், வயல் வேலை, நெடுந்தூரம் இருசக்கர வண்டி, தாம்பத்தியம் ஆகியவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

பை திடீரென்று இறுகிப் பெரிதாவது, காய்ச்சல், சீழ், தாங்க முடியாத வலி இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பிச் செல்லுங்கள்.

குழந்தை பிறக்குமா? ஆண்மை குறையுமா?

விரைவீக்கத்தால் விறைப்பு கெடுவதில்லை. குழந்தைப்பேறும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. மிகப் பெரிய வீக்கம் நெடுங்காலம் இருந்தால், அதன் அழுத்தத்தால் அந்தப் பக்க விதை சுருங்கலாம். அறுவையில் விந்துக் குழாய் காயப்படும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளாதவர் இதை முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

இராணுவத்தில் சேரத் தடையா?

ஆள்சேர்ப்பு மருத்துவப் பரிசோதனையில் விரைவீக்கம், வெரிகோசீல், குடலிறக்கம் மூன்றையும் பார்ப்பார்கள், இருந்தால் தகுதியில்லை என்பார்கள். அறுவை செய்து ஆறிய பிறகு மறுபரிசோதனைக்கு வாய்ப்பு உண்டு. கடைசி வாரத்தில் ஓடிவந்து அறுவை கேட்பவர்கள் அதிகம். புண் ஆற நேரம் வேண்டும், விண்ணப்பிக்கும்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, என்னவென்று சொல்வது?

பொது அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அல்லது சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம். குழந்தை என்றால் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது அன்றாடம் நடக்கும் அறுவை. சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி விவரமாகச் சொல்லத் தேவையில்லை. "சர்ஜரி ஓ.பி." என்று சொன்னால் போதும். உள்ளே போனதும், மற்ற நோய்களைப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.